பெயின்ட் காயாத வேன்

எங்கள் வேனுக்குப் பச்சை அடித்தது அம்மாவுக்காகத்தான்.

அம்மா குவைத்திலிருந்து வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அப்பா நிலைகொள்ளாமல் திரிந்தார். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வேனைக் கொண்டுபோய் அம்மாவை ஏற்றி வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு வேன் முதலில் ஓட வேண்டும். அதுவோ தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால், மழைக்குப் படங்குத் துணி போர்த்தியபடி இரண்டு வருடமாக நின்ற இடத்திலேயே நின்றது. பின்சீட்டில் அத்தையின் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை முட்டைகளோடு வேறிடத்துக்கு மாற்றியதுதான் வேனில் நாங்கள் செய்த முதல் திருத்த வேலை.

அந்த வேன் அம்மா அனுப்பிய பணத்தில் வாங்கியது. நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அம்மா வெளிநாடு போனாள். அடுத்த வருடமே வேன் வந்துவிட்டது. அப்பா தோட்டத்து வேலையை விட்டுவிட்டு டிரைவர் ஆனார். ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று ஹயர் ஓடினார். கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒருநாள் கியர்பெட்டி உடைந்தது. அதற்கு வேண்டிய சாமான் கிடைக்கவில்லை, கிடைத்தபோது வாங்க வழியில்லை. அப்பா வேனின் மேல் படங்கைப் போர்த்திவிட்டு, ஆளில்லாத நேரம் பார்த்து வீட்டின் பின்வழியாகவே மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார். முன்வழியாகப் போனால் தோட்டத்து ஆட்கள், "என்ன டிரைவர், இன்னைக்கு நடையா?" என்று கேட்பார்கள்.

அம்மாவிடம் இதை அவர் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நினைத்துத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும். தள்ளிப்போட்ட பிறகு சொல்வது இன்னும் கடினமாகியிருக்க வேண்டும். போனில் முகம் பார்த்துப் பேசும்போது அம்மா தவறாமல் கேட்பாள்.

"வண்டி எங்கடி?"

"ஹயர் போயிருக்கும்மா" என்பேன் நான். அப்பா போனுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவார். அப்பா வீட்டில் நிற்கும்போதே வண்டி எப்படி ஹயர் போகும் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வருவதற்கு முன் கடைசியாகப் பேசியபோது அம்மா சொன்னாள்: "வண்டி ஓடுதில்ல, அது போதும். இந்தத் தடவ வந்தேன்னா நான் இனிப் போக மாட்டேன்." அதை நான் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அப்பா மட்டும் அன்று இரவு சாப்பிடவில்லை.

டிக்கோயாவில் இருந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு பழைய கியர்பெட்டியைக் கொண்டுவந்து போட்டுத் தந்தார். என்ஜின் இருமி இருமி உயிர் பிடித்தது. ஆனால் உடம்பு முழுக்கத் துரு. அந்தத் துருவைப் பார்த்தால் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று அப்பா பயந்தார். நோர்வூட்டில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த நானாவிடம் போனோம். நானா முஸ்லிம் வியாபாரி. எங்கள் தோட்டத்தில் ஆணி வேண்டுமானாலும் கூரைத்தகரம் வேண்டுமானாலும் அவரிடம்தான். பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக் கதவுகளுக்கும் கக்கூஸ் கதவுகளுக்கும் அடித்தது போக மிஞ்சிய பச்சை பெயின்ட் டின்கள் சில அவரிடம் கிடந்தன.

"தம்பி, இது கதவுக்கு அடிக்கிற பெயின்ட். வண்டிக்குச் சரிவராது. அத விட, முதல்ல வண்டிய ஒரு கராஜ்ல காட்டுங்க" என்றார் நானா.

"சரிவரும் நானா" என்றார் அப்பா. வேறு எதற்கும் அவரிடம் வழி இருக்கவில்லை.

அடிப்பதென்றால் அப்பா அரைகுறையாக அடிக்க மாட்டார். நான் டின்னைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன். கதவின் உள்விளிம்பு, டயருக்கு மேலே உள்ள வளைவு, கண்ணுக்கே தெரியாத இடுக்கு எதையும் விடவில்லை. துருப்பிடித்த திருகாணிகளைக் கழற்றி, அடியில் நன்றாகப் பூசி, பூசிய இடத்தின் மேலேயே திரும்ப முடுக்கினார். முன் லைட்டுகளுக்குப் பின்னால் கறுப்பு வயர்கள் வந்து சேரும் ஓர் ஆணி இருந்தது. அதையும் கழற்றி, பூசி, முடுக்கிவிட்டு, "இனி எங்க பார்த்தாலும் துரு தெரியாது" என்றார். மழைக்காலம். அந்தக் குளிரில் துவைத்த துணியே மூன்று நாளைக்குக் காயாது. பெயின்ட் எப்படிக் காயும்? கொசுக்களும் தேயிலைத் தூசும் அதில் ஒட்டிக்கொண்டு நின்றன.

லயத்துப் பிள்ளைகள் முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள். கக்கூஸ் வேன். நான் அழுதேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஹட்டன் பஸ் நிலையத்தில் அம்மாவை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. போனில் பார்த்த முகம்தான், ஆனால் அதற்கு ஓர் உடம்பும் வாசனையும் இருந்தன. சந்தன நிறத்தில் ஒரு புதுச் சுடிதார் போட்டிருந்தாள். அதன் ஓரத்தில் பொன்னிற நூல் வேலை. அவள் என்னைக் கட்டிப்பிடித்தபோது நான் மரம்போல நின்றேன். அவள் என் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து வேனைப் பார்த்தாள். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லா வச்சிருக்கீங்க" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். அவருடைய பல் அத்தனையும் தெரிய அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைக்கும் வரைக்கும் அம்மா களைத்துப்போய் வேனில் சாய்ந்து நின்றாள். அவள் விலகியபோது முதுகில், வலது தோளுக்குக் கீழே, என் கையளவுக்குப் பச்சை ஒட்டியிருந்தது. அப்பா பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும் என்று பேசாமல் ஏறிக்கொண்டேன்.

டிக்கோயா தாண்டியதும் பனி இறங்கியது. பொழுது சாயவில்லை, ஆனாலும் முன்னால் போன பஸ் இருந்த இடம் தெரியாமல் போனது. எதிரே வந்த வண்டிகள் எல்லாம் லைட் போட்டுக்கொண்டு வந்தன. அப்பாவும் சுவிட்சைத் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை திருகினார். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, லைட்டின் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பின்னால எரியுதா பாரு" என்றார் என்னிடம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சிவப்பு லைட்டுகள் இரண்டும் எரிந்தன. அப்படியென்றால் சுவிட்சில் பிழையில்லை என்றார் அப்பா. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஹெட்லைட்டின் பியூஸைக் கழற்றி, அதை ஹோர்னுக்கு உரிய இடத்தில் குத்திவிட்டு என்னை ஹோர்ன் அடித்துப் பார்க்கச் சொன்னார். அடித்தேன். அந்தப் பனிக்குள் அது மாடு கத்துவதுபோல நீளமாகக் கத்தியது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். ஆக, பியூஸும் நல்ல பியூஸ். பிறகு பல்பைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை. "ரெண்டு பல்பும் ஒரே நேரத்துல போகாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு முதலில் தட்டிய இடத்திலேயே மறுபடியும் தட்டினார்.

அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் இருந்தாள். பிறகு கண்ணாடியை இறக்கி மெதுவாகக் கேட்டாள்.

"ராவுல எப்பிடிங்க ஹயர் ஓடுவீங்க?"

"நேத்து வரைக்கும் எரிஞ்சிச்சு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, நேத்து எரிஞ்சிச்சு" என்றேன். போனில் சொல்லும்போது எவ்வளவோ சுலபமாக வந்த பொய், அம்மாவின் முகத்துக்கு நேரே நாக்கில் ஒட்டிக்கொண்டது. என் காது இரண்டும் சுட்டன.

அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவின் கார் வந்தது. அவருடைய மகள் என் வகுப்பு. எங்கள் வேன் பாதையின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றதால் கார் ஊர்ந்துதான் போக முடிந்தது. பின்கண்ணாடி இறங்கியது. "உங்க அம்மா வந்துட்டாங்களா?" என்று அவள் அன்பாகத்தான் கேட்டாள். அவளுடைய தம்பி அவள் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்து, "கக்கூஸ் வேன், கக்கூஸ் வேன்" என்று கைதட்டினான். காருக்குள் யாரோ அவனை அடக்கும் சத்தம் கேட்டது. அடக்கிய அந்தச் சத்தம்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

"என்னடி சொல்றான் அந்தப் பய?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா."

பனி கூடிக்கொண்டே வந்தது. அங்கேயே நின்றால் பின்னால் வருகிற பஸ் மோதிவிடும் என்றார் அப்பா. அடுத்த திருப்பத்தில் பாதை அகலமான இடம் இருந்தது, அதுவரைக்கும் எப்படியாவது போய்விட வேண்டும். நான் போன் டோர்ச்சை அடித்துக்கொண்டு முன்னால் நடந்தால் அவர் பின்னால் மெல்ல ஓட்டிக்கொண்டு வருவார். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அம்மா கதவைத் திறந்து இறங்கினாள்.

"பச்சப்புள்ளய ரோட்டுல விடுவாங்களா? நான் போறேன்."

"வேணாம் புள்ள, நீ இப்பத்தான் வந்து எறங்கியிருக்க..." என்றார் அப்பா.

அவள் போனை வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

நான் முன்சீட்டுக்கு வந்தேன். அம்மா பாதையின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சந்தன நிறச் சுடிதார் பனியோடு பனியாகக் கலந்துவிட்டது. கையில் இருந்த டோர்ச் வெளிச்சமும் அவளுக்கு முன்னாலேயே கரைந்து போனது. எங்களுக்குத் தெரிந்தது அவளுடைய முதுகில் இருந்த பச்சை மட்டும்தான். அது இடப்பக்கம் போனால் அப்பாவும் இடப்பக்கம் வெட்டினார், நின்றால் நின்றார். அப்போதுதான் அவர் அதைக் கண்டார். கண்டார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் பச்சை நகர்ந்த பிறகும் அவர் வேனை நகர்த்த ஒரு கணம் மறந்தார். பின்னால் சேர்ந்துவிட்ட வண்டிகள் ஹோர்ன் அடித்தன. யாரோ சிங்களத்தில் ஏசினார்கள். நான்கு வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறவள் தன் சொந்த வேனுக்கு முன்னால் நடந்துபோகிறாள், நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து வருகிறோம். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் தலைகுனிந்திருக்கிறேன். அந்தச் சீட்டில் குனிந்ததுபோல எங்கும் குனிந்ததில்லை.

திருப்பத்தில் வேனை ஒதுக்கியபோது எதிரே வந்த ஒரு லொறி நின்றது. நோர்வூட் நானாவின் லொறி. ஹட்டனுக்குச் சாமான் ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. அப்பாவுக்குப் போயிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"என்ன தம்பி, லைட் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே நானா இறங்கினார். அப்பா செய்து பார்த்ததையெல்லாம் கேட்டுக்கொண்டார். "அப்ப எர்த்ததான் பார்க்கணும், கறுப்பு வயர் இரும்புல தொட்டாத்தான் லைட் எரியும்" என்று லைட்டுக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினார். அந்த ஆணியைக் கழற்றி, கறுப்பு வயரின் நுனியை இழுத்து, பம்பருக்கு அடியில் எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு வெறும் இரும்பில் தொட்டுப் பிடித்தார். இரண்டு லைட்டும் பளீரென்று எரிந்தன. கையை எடுத்தார், அணைந்தன. மறுபடியும் தொட்டார், எரிந்தன.

நானா கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விரல்கள் பச்சையாக இருந்தன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆணிக்குக் கீழயும் பூசினீங்களா? நம்ம பெயின்ட் நல்ல பெயின்ட் தம்பி, கரண்ட் ஊடுருவாது" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்த சின்னக் கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டினார். பச்சை உரிந்தது. அதற்குக் கீழே துரு, துருவுக்குக் கீழே இரும்பு. வயரை வைத்து ஆணியை முடுக்கிக்கொண்டே, நல்ல மனதோடுதான், அதைச் சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேன்தானே. ரெண்டு வருசமா படங்குக்குக் கீழ கெடந்த வண்டிய ரோட்டுக்கு எடுக்க முந்தி ஒரு கராஜ்ல காட்டுங்கன்னு."

அம்மா லைட்டுக்கு முன்னால் நின்றிருந்தாள். வெளிச்சம் நேராக அவள்மேல் விழுந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போய்க் கங்காணியிடம் ஏச்சு வாங்குகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"பெரிய உதவி நானா" என்றாள் அம்மா. "நாளைக்கு வீட்டுப் பக்கம் வந்தா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க." பிறகு எங்களிடம், "ஏறுங்க, போவோம்" என்றாள்.

வேன் புறப்பட்டது. லைட்டுகள் பனியைக் கிழித்துக்கொண்டு பாதையைக் காட்டின. எனக்கு மட்டும் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. என் கணக்கு நேரானது: வண்டி ஓடினால் அம்மா போக மாட்டாள், லைட் எரிந்தால் வண்டி ஓடும், இப்போது லைட் எரிகிறது.

"இப்ப எல்லாம் சரியாச்சேம்மா. நீங்க இனிப் போக வேணாம்தானே?" என்றேன்.

அம்மா என் தலையில் கைவைத்தாள். "லைட் நல்லா எரியுது" என்றாள்.

அப்பா கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்தார். ஈரம் வெளிப்பக்கம் இருந்தது, அவர் உள்பக்கம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அம்மா பெட்டியைத் திறந்து எனக்குச் சட்டையும் காலுக்குச் சப்பாத்தும் அத்தைக்குப் போர்வையும் எடுத்துக் கொடுத்தாள். அடியில் இருந்த அவளுடைய துணிகளை எடுக்கவில்லை. களைப்பாக இருக்கிறாள், நாளைக்கு எடுப்பாள் என்று நினைத்தேன். மறுநாளும் எடுக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே பெட்டி அப்படியே கிடந்தது. அப்பா அதன்மேல் கால் படாமல் சுற்றிச் சுற்றி நடந்தார். வேனில் இரண்டொரு ஹயர் கிடைத்தது. அதற்குள் கியர்பெட்டி மறுபடியும் முரண்டு பிடித்தது.

தைப்பொங்கல் முடிந்த கையோடு அம்மா புறப்பட்டாள். அப்பா எப்படியோ வேனைக் கிளப்பினார். விடிந்தும் விடியாத பனியில் ஹட்டனுக்குப் போனோம். லைட்டுகள் இரண்டும் வழி முழுக்க ஒரு குறையும் சொல்லாமல் எரிந்தன. அவற்றை நொறுக்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

பஸ் நிலையத்தில் அம்மாவைப் போலவே வெளிநாடு போகிற இரண்டு பெண்கள் நின்றார்கள். புத்தம்புது உடுப்பு, பவுடர், பூ. அம்மா வேனிலிருந்து இறங்கிச் சால்வையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். அதே சந்தன நிறச் சுடிதார். முதுகில் அதே பச்சை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்று அத்தை எத்தனை தரம் சொன்னாள், அம்மா காதில் வாங்கவேயில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி மற்றவளுக்குக் கண்ணைக் காட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்மா, முதுகுல பெயின்ட் இருக்கும்மா. வேற உடுப்பு பெட்டியில இருக்குதானே, மாத்துங்களேன்" என்று காதோடு காதாகச் சொன்னேன்.

"தெரியும்டி" என்றாள். "இருக்கட்டும்."

பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு அது கேட்டது. அவர் பெட்டியைத் தூக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா பஸ்ஸில் ஏறினாள். ஏறும்போதாவது கைப்பையைத் தோளில் மாட்டி அந்த இடத்தை மறைத்துக்கொள்வாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் கைப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, அந்த முதுகோடு உள்ளே நடந்து போனாள். தெரிந்தும் மறைக்கத் தோன்றாத அம்மா என்று எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது.